கத்தியில் பொறித்த பெயர் யாருடையது?

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், செபராங் ஜெயா மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் முகாம் பட்டியல்கள் சுற்றத் தொடங்கிவிடும். செரோக் தொக்குன் காட்டுப் பூங்காவுக்குப் போகலாமா, வேறு மலைக்குப் போகலாமா என்ற பேச்சோடு கூடாரம், கைவிளக்கு, கயிறு, மெகி மீ என்று பட்டியல் நீளும். கடைசியில் யாராவது ஒருவர் 'மடக்குக் கத்தி' என்று சேர்ப்பார். உடனே அடுத்த கேள்வி வரும்: "எந்த பிராண்டு நல்லது?"

இணையக் கடைகளில் தேடினால் தலை சுற்றும். 'சுவிஸ்' என்று ஒன்று, 'லயோல்' என்று ஒன்று, 'ஜப்பானியப் பாரம்பரியம்' என்று இன்னொன்று. ஒரே பெயரில் ஒரு கத்தி சில ரிங்கிட்டுக்கும் மற்றொன்று சில நூறு ரிங்கிட்டுக்கும் விற்கப்படுகிறது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. விலையில் மட்டும் ஏன் இத்தனை வேறுபாடு?

இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் தேடினால் படிவம் 4 வேதியியல், ஐரோப்பிய வரலாறு, அறிவுசார் சொத்துரிமைச் சட்டம், நம் நாட்டுக் குற்றவியல் சட்டம் எல்லாம் கூடவே வரும்.

மாணவரின் கருவி

தமிழில் சின்ன மடக்குக் கத்தியைப் 'பேனாக்கத்தி' என்கிறோம். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று யோசித்திருக்கிறீர்களா? ஐரோப்பாவில் பறவையின் இறகைச் சீவித்தான் எழுதுகோல் செய்தார்கள். எழுத எழுத முனை மழுங்கும். மறுபடி சீவ வேண்டும். அதற்காகப் படிப்பவரும் எழுதுபவரும் சட்டைப் பையில் வைத்திருந்த சிறு கத்திதான் பேனாக்கத்தி.

நம் முன்னோரிடமும் இதே ஏற்பாடு இருந்தது. பனை ஓலையில் எழுதப் பயன்பட்ட எழுத்தாணியில் பல வகை உண்டு. அவற்றுள் ஒன்றின் பெயரே மடக்கெழுத்தாணி. ஆணியை மடக்கிப் பிடிக்குள் அடக்கிக்கொள்ளலாம். ஓலையை வாரிச் சீராக்கும் கத்தியும் அதனுடனேயே மடங்கியிருக்கும். ஆக, கிழக்கிலும் மேற்கிலும் மடக்குக் கத்தி ஒருகாலத்தில் எழுதுவோரின் கருவியாக இருந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு இன்று உலகெங்கும் பேசப்படும் நான்கு பாரம்பரியக் கத்திகளைப் பார்ப்போம்.

ஒப்பினெல்: ஒரு குடும்பத்தின் பெயர்

பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் விவசாயக் கருவிகள் செய்யும் கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் ஒப்பினெல். 1890 இல் அவர் செய்த கத்தியில் இருந்தவை மிகச் சில உறுப்புகளே. எஃகு அலகு ஒன்று, மரப்பிடி ஒன்று, இரண்டையும் இணைக்கும் ஆணி, வளையம். 1897 இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் வெளியிட்டார். இன்று பலரும் வாங்குவது 8 ஆம் எண். அதன் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளம்.

1955 இல் மார்செல் ஒப்பினெல் ஒரு சுழல் வளையத்தைச் சேர்த்தார். கத்தியை விரித்ததும் வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். வேலை செய்யும்போது விரல்மேல் மடங்காது. பிடியைத் திருகாணியோ அலங்காரமோ இல்லாமல் எளிமையாக வைத்ததுதான் இந்தக் கத்தியின் அழகு. சிறுவர்கள் பழகுவதற்காக முனையை வட்டமாக்கிய கத்தியும் இந்நிறுவனத்திடம் உண்டு.

விக்டோரினாக்ஸ்: ஒரு தாயின் பெயர்

கார்ல் எல்செனர் 1884 இல் சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் கத்திப் பட்டறை தொடங்கினார். அந்த நாட்டு ராணுவத்துக்கு அப்போது புதிய துப்பாக்கி வந்திருந்தது. அதைப் பிரித்துத் துடைக்கத் திருப்புளி வேண்டும். டின்னில் அடைத்த உணவைத் திறக்கவும் ஏதாவது வேண்டும். கத்தி, திருப்புளி, டின் திறப்பான், துளையிடும் ஊசி நான்கையும் ஒரே பிடியில் அடக்கிய சிப்பாய்க் கத்தி இப்படித்தான் பிறந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'சுவிஸ் ராணுவக் கத்தி' என்று உலகம் கொண்டாடும் அந்தக் கத்தியின் முதல் தொகுதி செய்யப்பட்டது ஜெர்மனியின் சோலிங்கன் நகரில்! அவ்வளவு கத்திகளைச் செய்து தரும் வசதி அப்போது சுவிஸ் பட்டறைகளில் இல்லை. 1891 முதல் எல்செனர் தம் நாட்டிலேயே செய்து கொடுக்க ஆரம்பித்தார். சோலிங்கன் தொழிற்சாலைகளின் மலிவு விலையோடு போட்டியிட முடியாமல் பெரும் நட்டமும் அடைந்தார். 1897 ஜூன் 12 இல் அவர் பதிவு செய்த, எடை குறைந்த அதிகாரிகள் கத்திதான் தொழிலைத் தூக்கி நிறுத்தியது.

1909 இல் தாயார் விக்டோரியா இறந்தபோது அவர் பெயரையே நிறுவனத்துக்குச் சூட்டினார். 1921 இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் அதைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லும் சேர்ந்து 'விக்டோரினாக்ஸ்' ஆனது. அதே ராணுவத்துக்குக் கத்தி வழங்கிவந்த இன்னொரு நிறுவனமான வெங்கரை 2005 இல் விக்டோரினாக்ஸ் வாங்கிக்கொண்டது.

ஹிகோனோகாமி: பென்சில் சீவிய கத்தி

ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் உள்ள மிக்கி நகரம் இரும்புக் கருவிகளுக்குப் பெயர்போனது. 1890களில் அங்கு உருவானது ஹிகோனோகாமி. மடித்த உலோகத் தகட்டாலான பிடி, ஒரு ஆணி, ஒரு அலகு, அலகைத் தள்ளித் திறக்கச் சிறு வால், அவ்வளவுதான். வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் அந்த வாலை அழுத்தியிருப்பதே பூட்டு.

பல தலைமுறை ஜப்பானியச் சிறுவர்கள் இதை வைத்துத்தான் பென்சில் சீவினார்கள், மூங்கிலில் விளையாட்டுப் பொருள் செய்தார்கள். 1960 அக்டோபர் 12 இல் தோக்கியோவில் மேடையில் பேசிக்கொண்டிருந்த சோசலிசக் கட்சித் தலைவர் இனெஜிரோ அசனுமாவை 17 வயது இளைஞன் ஒருவன் குத்திக் கொன்றான். அவன் பயன்படுத்தியது குறுவாள்; மடக்குக் கத்தி அல்ல. ஆனாலும் 'பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம்' என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. பென்சில் சீவும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஒருகாலத்தில் பல பட்டறைகள் செய்த ஹிகோனோகாமியை இன்று அந்தப் பெயருக்கு உரிமை பெற்ற நாகாவ் கானெகோமா என்ற ஒரே பட்டறைதான் செய்கிறது.

எங்கோ ஒருவன் செய்த குற்றத்தால், பள்ளிப் பையிலிருந்த ஒரு கருவி மறைந்தே போனது. இது வருத்தத்துக்குரியதா, தேவையான எச்சரிக்கையா? வகுப்பில் விவாதிக்க நல்ல தலைப்பு.

லயோல்: ஊரை இழந்த ஊர்

நான்காவது கத்தியின் கதைதான் நம் ஆரம்பக் கேள்விக்கு நேரடிப் பதில். எழுத்தைப் பார்த்தால் 'லகியோல்' என்று படிக்கத் தோன்றும்; ஊரார் சொல்வது 'லயோல்'. பிரான்சின் அவேரோன் மாவட்டத்து மலைக் கிராமம் அது. மெலிந்த இடை, வளைந்த பிடி, முதுகில் தேனீ வடிவம் என்று பார்த்ததும் தெரிந்துவிடும் அதன் கத்தி 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு உருவானது. பின்னர் தயாரிப்பு மெல்ல மெல்லத் தியேர் என்ற பெரிய கத்தித் தொழில் நகருக்கு நகர்ந்துவிட்டது. 1987 இல்தான் ஊருக்குள் மறுபடி ஆலை எழுந்தது.

அதற்குள் காலம் கடந்திருந்தது. 'லயோல்' என்பது ஒரு நிறுவனத்தின் பெயராக இல்லாமல் கத்தியின் வடிவத்தைக் குறிக்கும் பொதுப் பெயராகிவிட்டது. உலகில் யார் வேண்டுமானாலும் அந்த வடிவில் ஒன்றைச் செய்து அதே பெயரைப் பொறிக்க முடிந்தது. போதாக்குறைக்கு, ஊருக்குத் தொடர்பே இல்லாத வணிகர் ஒருவர் 1993 இல் அந்தப் பெயரைப் பல பொருள்களுக்கு வணிக முத்திரையாகப் பதிவு செய்துவிட்டார். தங்கள் ஊரின் பெயரைத் தாங்களே தாராளமாகப் பயன்படுத்த முடியாத நிலை ஊர்மக்களுக்கு வந்தது. 2012 இல் அவர்கள் ஊர்ப் பெயர்ப் பலகையைக் கழற்றி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. 2017 இல் அங்கும் 2019 இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வந்த தீர்ப்புகள் ஊரின் பக்கம் சாய்ந்தன.

ஆகவே இணையத்தில் 'லயோல்' என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்கினால், பெயரைத் தவிர வேறெதுவும் உங்களுக்கு உறுதியில்லை. அதைச் செய்த பட்டறை எது, எந்த நாட்டில் செய்தது என்பதைத் தனியே பார்க்க வேண்டும். விலை வேறுபாட்டின் ரகசியம் இதுதான்.

பெயரைக் காத்துக்கொண்டவர்கள்

எல்லா ஊருக்கும் லயோலின் கதி நேரவில்லை. சோலிங்கனைப் பாருங்கள். 19 ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் மலிவுக் கத்திகளில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஷெஃபீல்டு நகரின் பெயரைப் பொறித்து விற்றார்கள். கோபமடைந்த பிரிட்டன் 1887 இல் வணிகச் சரக்கு முத்திரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்பிறகு வெளிநாட்டுச் சரக்கு தன் நாட்டுப் பெயரைச் சொல்லியாக வேண்டியிருந்தது. 'ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது' என்ற வாசகம் மட்டமான சரக்கை அடையாளம் காட்டும் முத்திரையாகத்தான் பரவியது. ஆனால் ஜெர்மானியர்கள் தரத்தை உயர்த்திக்கொண்டார்கள். சில பத்தாண்டுகளில் அதே வாசகம் பெருமைக்குரியதாகிவிட்டது.

பிறர் பெயரைப் பயன்படுத்திய கதையிலிருந்து சோலிங்கன் பாடம் கற்றது. 1938 முதல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. முக்கியமான தயாரிப்பு வேலைகள் அந்தப் பகுதியிலேயே நடந்திருந்தால்தான் கத்தியில் 'சோலிங்கன்' என்று பொறிக்கலாம். சுவிட்சர்லாந்தும் 2017 முதல், தொழிற்சாலைப் பொருளின் தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு உள்நாட்டில் ஆகியிருந்தால்தான் 'சுவிஸ்' என்ற பெயரைப் பயன்படுத்தலாம் என்று விதித்திருக்கிறது.

இதைப் புவிசார் குறியீடு என்கிறோம். சரவாக் மிளகும் பாரியோ அரிசியும் நம் நாட்டில் இப்படிப் பதிவானவை. தமிழ்நாட்டில் திண்டுக்கல் பூட்டு 2019 இல் இந்தக் குறியீட்டைப் பெற்றது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி கொல்லர்கள் செய்யும் அரிவாள் 'திருப்பாச்சி அருவா' என்று ஊர்ப் பெயராலேயே அறியப்படுவதை, அதே பெயரில் வந்த திரைப்படத்தைப் பார்த்த நம் மாணவர்களும் அறிவார்கள். ஊர்ப் பெயர் ஒரு சொத்து. அதைக் காக்கும் சட்டம் படிக்க விரும்புவோருக்கு அறிவுசார் சொத்துரிமை ஒரு நல்ல துறை.

பினாங்கு வெயிலில், மழையில்

பெயரைத் தாண்டி இப்போது பொருளைப் பார்ப்போம். படிவம் 4 இல் உலோகக் கலவை, படிவம் 5 இல் துருப்பிடித்தல் என்று படிப்பதெல்லாம் இங்கே கண்முன் நிற்கும்.

ஒப்பினெல் கார்பன் எஃகிலும் கிடைக்கிறது, துருப்பிடிக்காத எஃகிலும் கிடைக்கிறது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் பலரும் யோசிக்காமல் ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். அதன் கார்பன் எஃகில் சுமார் 0.9 விழுக்காடு கார்பன் இருக்கிறது. நன்றாகக் கூர் ஏறும். சாதாரணத் தீட்டுக்கல்லிலேயே எளிதில் தீட்டலாம். ஆனால் ஈரத்தோடு விட்டால் துரு பிடிக்கும். ஹிகோனோகாமியின் அலகும் வழக்கமாகக் கார்பன் எஃகுதான்.

துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் உண்டு. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அலகின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தை உண்டாக்கும். அந்தப் படலம்தான் இரும்பைக் காக்கிறது. விக்டோரினாக்ஸ் இந்த வகை எஃகையே பயன்படுத்துகிறது. அதன் அலகை மிகக் கடினமாக்காமல் நடுத்தரமாகவே பதப்படுத்துகிறார்கள். அதனால் கூர் சற்றே சீக்கிரம் மழுங்கும். ஆனால் அலகு எளிதில் உடையாது, தீட்டுவதும் சுலபம்.

குளிர்ந்த, வறண்ட சவோய் மலையில் எழுதப்பட்ட பரிந்துரைகள் கடல் காற்று வீசும் பினாங்குக்கு அப்படியே பொருந்தாது. கார்பன் எஃகில் ரோஜாக்குக்கு மாங்காயும் அன்னாசியும் நறுக்கினால் பழத்தின் அமிலம் பட்டு அலகு சாம்பல் நிறமாகக் கறுக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சீராகப் படியும் அந்தக் கறுப்பு, துருவை ஓரளவு தள்ளியே வைக்கும். செந்நிறமாகப் பொடிப்பொடியாக வருவதுதான் துரு. அதை உடனே தேய்த்து எடுக்க வேண்டும். கழுவினால் துடைத்து, உலர்த்தி, லேசாக எண்ணெய் பூசி வைக்க வேண்டும். இந்தப் பொறுமை உங்களிடம் இல்லை என்றால் துருப்பிடிக்காத எஃகே உங்களுக்கு ஏற்றது.

மரப்பிடியிலும் கவனம் தேவை. மழையில் நனைந்த ஒப்பினெல்லின் பிடி ஈரம் குடித்து உப்பும். அலகைத் திறக்கவே முடியாமல் இறுகிக்கொள்ளும். ஓரிரு நாள் காயவிட்டால் சரியாகிவிடும். முகாமில் மழை நிச்சயம் என்றால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விரலைக் காப்பது எது?

ஒப்பிடும்போது பலரும் மறப்பது பூட்டைத்தான். ஒப்பினெல்லில் வளையப் பூட்டு இருக்கிறது. விக்டோரினாக்ஸின் வழக்கமான சிறு கத்திகளிலும் லயோலிலும் முதுகிலுள்ள வில் அலகை இழுத்துப் பிடித்திருக்கும். ஆனால் அது பூட்டு அல்ல. அலகின் முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்தால் மடங்கிவிடும். ஹிகோனோகாமியில் வில்லும் இல்லை. எல்லாம் உங்கள் கட்டைவிரலின் பொறுப்பு. புதிதாகக் கத்தி பிடிப்பவர் முதலில் கேட்க வேண்டியது 'எவ்வளவு கூர்மை?' என்பதல்ல, 'தவறினால் எப்படி மடங்கும்?' என்பதுதான்.

இன்னொன்று, மழுங்கிய கத்தியே அதிக ஆபத்து. அதிக பலம் கொடுத்து அழுத்துவோம். வழுக்கினால் காயமும் ஆழமாக இருக்கும்.

எங்கே கொண்டு போகலாம்?

இனி மிக முக்கியமான பகுதி. எத்தனை நல்ல பிராண்டாக இருந்தாலும் கத்தி கத்திதான்.

நம் நாட்டில் அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்குதல் ஆயுதங்கள் தொடர்பான 1958 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன் 6 ஆவது பிரிவின்படி, உரிய அதிகாரமோ சட்டத்துக்கு உட்பட்ட நோக்கமோ இல்லாமல் பொது இடத்தில் தாக்குதல் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். சிறைத் தண்டனையும் பிரம்படியும் அதற்கு உண்டு. காயப்படுத்தவென்றே செய்த பொருள் மட்டுமல்ல, அந்த எண்ணத்தோடு கையில் வைத்திருக்கும் எந்தப் பொருளும் ஆயுதமாகக் கருதப்படலாம். பொத்தானை அழுத்தியதும் தானே விரியும் கத்தியை நாட்டுக்குள் கொண்டுவரவே தடை உண்டு. இணையத்தில் அழகாகத் தெரிகிறது என்று வரவழைத்துவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

'தற்காப்புக்காக வைத்திருந்தேன்' என்று சொன்னால் தப்பிவிடலாம் என்று சில நண்பர்கள் நினைப்பதுண்டு. அந்தப் பதில், தேவைப்பட்டால் கத்தியைப் பயன்படுத்தத் தயாராக இருந்தேன் என்ற ஒப்புதலாகவே முடியலாம். பள்ளிக்கோ கல்லூரிக்கோ பேரங்காடிக்கோ பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பழம் நறுக்க வைத்திருந்தது நேற்றைய சுற்றுலாவிலிருந்து பையிலேயே தங்கிவிட்டது என்பதும் நடக்கக்கூடியதே. வீடு திரும்பியதும் கத்தியை எடுத்து உரிய இடத்தில் வைத்துவிடுங்கள். சாரணர் முகாம் என்றால் பொறுப்பாசிரியரிடம் கேட்டு, அவர் சொல்லும் முறையிலேயே கொண்டு செல்லுங்கள். விமானத்தில் கைப்பையில் கத்திக்கு இடமில்லை.

இது மலேசியாவில் மட்டும் உள்ள கவலை அல்ல. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமான நிலையங்களில் கத்திக்குத் தடை வந்ததும் விக்டோரினாக்ஸின் விற்பனை கடுமையாகச் சரிந்தது. பல நாடுகளில் கட்டுப்பாடுகள் இறுகிவருவதால், அலகே இல்லாத கைக்கருவி ஒன்றை உருவாக்கி வருவதாக அந்த நிறுவனம் 2024 இல் அறிவித்தது. கத்தியால் உலகப் புகழ் பெற்ற நிறுவனமே கத்தியில்லாத கத்தியைப் பற்றி யோசிக்கும் காலம் இது!

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. என்ன வேலைக்கு? பழம் நறுக்கவும் ரொட்டி வெட்டவும் ஒப்பினெல் போன்ற மெல்லிய அலகு போதும். கூடாரத்தில் திருப்புளியும் டின் திறப்பானும் வேண்டுமென்றால் விக்டோரினாக்ஸ் வகை. வேலையே இல்லை என்றால் கத்தியும் வேண்டாம்.

2. பெயர் யாருடையது? நிறுவனத்தின் பெயரா, ஊரின் பெயரா, வெறும் வடிவத்தின் பெயரா? ஊர்ப் பெயர் என்றால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

3. எஃகு எது? உற்பத்தியாளர் எஃகின் வகையைச் சொல்கிறாரா? 'உயர்தர எஃகு' என்று மட்டும் எழுதியிருந்தால் அது தகவல் அல்ல, விளம்பரம்.

4. பூட்டு உண்டா? யார் பயன்படுத்தப் போகிறார்?

5. எங்கே வைப்பேன், எங்கே கொண்டு போவேன்? இதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

சொன்ன ஊரில் செய்யாத பொருளை அந்த ஊரின் பெயரால் விற்று உங்களை ஏமாற்றியிருந்தால் சும்மா இருக்க வேண்டாம். பொய்யான வணிக விவரிப்பு 2011 ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். ரசீதையும் விளம்பரப் படத்தையும் பத்திரப்படுத்தி உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம்.

இந்த ஐந்து கேள்விகளில் நான்கு, கத்திக்கு மட்டுமல்ல, காலணிக்கும் கைப்பேசிக்கும் கூடப் பொருந்தும். ஐந்தாவது கேள்வி மட்டும் கத்திக்கே உரியது. ஓலை வாரவும் இறகு சீவவும் பென்சில் கூராக்கவும் ஒருகாலத்தில் மாணவர் கையில் இருந்த கருவி இது. அந்த நம்பிக்கைக்குரிய கையாக உங்கள் கை இருக்குமா என்பதை எந்தப் பிராண்டும் சொல்லாது; நீங்கள்தான் காட்ட வேண்டும்.